ஊன்றிய கால்

"மாமா, மெஷின் லே டெ" என்று என் தங்கை மகன் கூப்பிட்டபோது, எதையோ தூக்கி வைக்கத்தான் கூப்பிடுகிறான் என்று எழுந்து போனேன். பர்மியத்தில் கனமாக இருக்கிறது என்பதற்கும் மெஷின் மெதுவாக இருக்கிறது என்பதற்கும் சொல் ஒன்றுதான். லே என்றால் கனம். நான்கு என்ற எண்ணுக்கும் அதே லே. குரலைக் கொஞ்சம் தாழ்த்திச் சொன்னால் காற்று. பர்மாவில், த்வாண்டேயிலேயே பிறந்து ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் இந்த மொழியைப் பேசி வந்தவனுக்கு, கனத்துக்கு மருந்து காற்று என்று இந்த வருஷம்தான் தெரிந்தது.

தொழில் எனக்கு ரேடியோ, டிவி பழுது பார்ப்பது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் அம்மன் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தும், கேட்கிற பொறுமை இருந்தால் கொஞ்சம் சைவ சித்தாந்தமும் சொல்லித் தருவேன். 1960களில் தனியார் பள்ளிகளை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு இந்த நாட்டில் தமிழ் எழுத்து பிழைத்துக் கிடப்பது இப்படிப்பட்ட மண்டபங்களில்தான். அங்கே ஒரு நடராசர் படம் மாட்டியிருக்கிறது. 'உண்மை விளக்கம்' என்ற சித்தாந்த நூல் சொல்கிற கணக்கை அந்தப் படத்தில் கை வைத்துக் காட்டுவேன். உடுக்கை படைத்தல், அமைத்த கை காத்தல், தீ அழித்தல், தூக்கிய கால் அருளல், ஊன்றிய கால் மறைத்தல். போன வருஷம் ஒரு பெண்பிள்ளை எழுந்து கேட்டது: "மறைக்கிறது நல்ல வேலையா சார்?"

உயிர் பக்குவப்பட வேண்டும் என்பதற்காக மறைக்கிறார் என்று புத்தகத்தில் உள்ளதைச் சொன்னேன். "எங்கப்பா சம்பளத்த மறைச்சா அம்மா நல்லதுன்னு சொல்ல மாட்டாங்களே" என்றது. மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். பதில் இல்லாதவன் சிரிப்பதுதானே வழக்கம்.

உண்மையில் எனக்கும் அது நெடுநாள் முள். படைப்பு புரிகிறது, காப்பு புரிகிறது, அழிப்பைக்கூட ஒரு மாதிரி விழுங்கிக்கொள்ளலாம். மறைத்தலைக் கடவுளின் வேலைகளில் ஒன்றாக எப்படி வைப்பது? சித்தாந்தமே இங்கே இரண்டு மனதாக இருப்பது போலத் தோன்றும். மலங்களை ஐந்தாக எண்ணுகிறபோது ஆணவம், கன்மம், மாயையோடு, மறைப்பைக் குறிக்கும் திரோதாயியும் அந்த வரிசையில் உட்கார்ந்திருக்கும். தொழில்களை ஐந்தாக எண்ணினால் அதே திரோதானம் சிவனுடைய சத்தியாக வந்து நிற்கும். ஒரே ஆளின் பெயர் இரண்டு வீட்டுக் குடும்பப் பட்டியலில் இருக்கிற கதை. மலம் என்று சொல்வது உபசாரத்துக்கு, உண்மையில் அது அருள்தான் என்று உரைகாரர்கள் சமாதானம் சொல்வார்கள். எனக்கு அது சமாதானமாகப் படவில்லை, அந்தக் கம்ப்யூட்டரைத் திறக்கும் வரை.

அது யங்கூனில் பழைய சாமான் கடையில் வாங்கி, பன்சோடான் துறையில் படகேறி டலாவில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸின் கூரையில் கட்டி வந்தது. கோர் 2 டுவோ, 2.66 கிகாஹெர்ட்ஸ், இரண்டு ஜிபி ராம், விண்டோஸ் 7. பையனுக்குப் பதினைந்து வயது. அதில் அவன் ஆடுவது ஒரே விளையாட்டு, ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ். கம்ப்யூட்டருக்கு அந்த விளையாட்டு வந்தது 2005இல். இவன் பிறப்பதற்கு முந்தியது. நெட் இல்லாமல் ஓடும் என்பதால் எங்கள் பக்கத்தில் அதற்கு இன்னும் ஆயுசு இருக்கிறது. திரையில் ஒருவன் சைக்கிளில் போகிறான். பாலத்தில் ஏறுகிற நேரத்தில் சைக்கிள் நிற்கும், தாவும், மறுபடி நிற்கும். முயல் கனவில் ஓடுவது போல இருந்தது பார்க்க.

நான் செய்த முதல் காரியம் பையனைத் திட்டியது. "கண்டதையெல்லாம் ஏத்தி வச்சிருக்கே." அவன் ஒன்றும் ஏற்றியிருக்கவில்லை. இருந்தாலும் ரிப்பேர்க்காரன் முறைப்படி எல்லாம் செய்தேன். மெஷின் எழும்போதே கூட எழும் வேண்டாத புரோகிராம்களை நிறுத்தினேன். வைரஸ் பார்த்தேன். ஹார்டு டிஸ்க்கில் சிதறிக் கிடந்ததை ஒழுங்குபடுத்தினேன். கிராபிக்ஸ் டிரைவரை மாற்றினேன். நிழல், தூரத்துக் காட்சி எல்லாவற்றையும் விளையாட்டின் அமைப்பில் குறைத்தேன். கட்டடங்கள் சோப்புக் கட்டி மாதிரி ஆயின, வேகம் மட்டும் வரவில்லை. இரண்டு ஜிபி ராம் வாங்கிச் சொருகினேன். கடைசியில் விண்டோஸையே அழித்துப் புதிதாகப் போட்டேன். ஒவ்வொன்றுக்குப் பிறகும் கால் மணி நேரம் நன்றாக ஓடும். பிறகு பழைய லே டெ. நான் செய்த எதற்கும் அந்தக் கால் மணி நேரத்தோடு சம்பந்தம் இல்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. விரதம் இருந்த வாரம் காய்ச்சல் விட்டால் விரதத்தால் விட்டது என்று நம்புவோமே, அப்படி.

கண்டுபிடித்தவன் பையன்தான். "மாமா, மீ ப்யட் ஆகிட்டு வந்தா நல்லா ஓடுது."

மீ ப்யட் என்றால் மின்வெட்டு. இங்கே மின்சாரம் முறைவைத்துத்தான் வருகிறது. சில மணி நேரம் இருக்கும், சில மணி நேரம் இருக்காது. ஊரில் எல்லோரும் சபிக்கிற அந்த இருட்டுதான் மெஷினைக் குணப்படுத்துகிறது என்று அவன் சொல்கிறான். முதலில் நம்பவில்லை. பிறகு ஒரு முழு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஃபிராப்ஸ் என்ற புரோகிராம் திரையின் மூலையில், நொடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்று மஞ்சள் எண்ணாகக் காட்டும். வெட்டு முடிந்து மின்சாரம் வந்ததும் எண் முப்பதை ஒட்டி நின்றது. பன்னிரண்டு நிமிஷம். பிறகு இருபது, பதினான்கு, ஒன்பது. பக்கத்தில் வெப்பம் காட்டும் புரோகிராமைத் திறந்து வைத்திருந்தேன். அதில் எண் ஏறிக்கொண்டே போனது. ஒன்று ஏற ஒன்று இறங்கியது. தொண்ணூற்றெட்டு டிகிரியில் பிராசஸர் தன் ஓட்டத்தைத் தானே 2 கிகாஹெர்ட்ஸுக்கு இறக்கிக்கொண்டது; அதுவும் போதாமல் துடிப்புக்கு நடுவே துடிப்பை விட்டுவிட்டு ஓடத் தொடங்கியது.

அந்தச் சில்லுக்குள்ளேயே இந்த ஏற்பாடு இருக்கிறது. சூடு ஓர் எல்லையைத் தொட்டால் வேகத்தைக் குறைக்கும், மின்னழுத்தத்தைக் குறைக்கும், தேவைப்பட்டால் ஒரு வேலைக்கு ஒரு ஓய்வு என்று இடைவெளி விடும். விளையாடுகிறவனுக்கு அது தெரியாது. பழசாகிவிட்டது, செத்துக்கொண்டிருக்கிறது என்றே நினைப்பான். சாகாமல் இருப்பதற்காகத்தான் அது மெதுவாக ஓடுகிறது.

இந்த இடத்தில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். சொல்ல வெட்கம்தான். நகரத்தில் ஒரு கடைக்காரரிடம் கேட்டேன். அந்தக் கட்டுப்பாட்டை பயாஸில் போய் அணைத்துவிடலாம், பழைய போர்டுகளில் அதற்கு வழி உண்டு என்றார். தேடினேன், இருந்தது, அணைத்தேன். ஆகா, என்ன வேகம்! பையன் துள்ளினான். பாலம், மலை, கடற்கரை என்று சைக்கிள் பறந்தது. தங்கைகூட அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். இருபது நிமிஷம் கழித்துப் 'பட்'டென்று திரை கறுத்தது. மீ ப்யட் என்று எழுந்தோம். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தெருவெல்லாம் விளக்கு எரிந்தது. இருட்டு எங்கள் மெஷினுக்கு மட்டும்தான்.

வேகம் குறைப்பதை அணைக்கலாம். அதற்கு மேல் ஒன்று இருக்கிறது, அதை அணைக்க முடியாது. இன்னும் சூடேறினால் சில்லு மின்சாரத்தையே வெட்டிக்கொள்ளும். ஊன்றிய காலை நான் எடுத்துவிட்டேன். மிச்சம் இருந்தது தீ ஏந்திய கைதான். அன்று இரவு தூக்கம் வரவில்லை. மெஷின் போய்விட்டதோ என்ற கவலை பாதி. அந்தப் பெண்பிள்ளையின் கேள்வி மீதி.

மறைப்பு இல்லாத வாழ்க்கை எப்படி இருக்கும் என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை. முன் பிறவிகள் எல்லாம் நினைவிருந்தால்? எவன் எனக்கு என்ன செய்தான், நான் எவனுக்கு என்ன செய்தேன் என்பது மொத்தமும் ஒரே நேரத்தில் கண்முன் நின்றால்? ஒரு பகல் தாங்குவோமா? மறைத்தல் உயிரை உலக விஷயங்களில் ஈடுபட வைக்கிறது, ஈடுபட்டு வினை கழிகிறது, மலம் பழுக்கிறது, பழுத்ததும் அதே மறைக்கும் சத்தி அருளும் சத்தியாக மாறுகிறது என்று மலபரிபாகத்தைப் பற்றிச் சொல்வார்கள். அப்பா சம்பளத்தை மறைப்பது அம்மாவை ஏமாற்ற. சில்லு தன் வேகத்தை மறைப்பது தான் எரிந்துபோகாமல் இருக்க. அந்தப் பிள்ளையிடம் சொல்ல வேண்டிய வித்தியாசம் இது.

மறுநாள் மூடியைக் கழற்றினேன். எங்கள் தெரு மண்பாண்டக் கொட்டகைகளுக்குப் பக்கம். த்வாண்டே பானைக்குப் பேர் போன ஊர். காய்ந்த களிமண்ணின் பொடி காற்றில் எப்போதும் மிதக்கும், சூளைச் சாம்பலும் கூட. ஃபேனுக்குக் கீழே அலுமினியத் தகடுகள் தெரியவே இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளி. நகத்தால் பற்றி இழுத்தேன், வட்டமாக முழுசாக உரிந்து வந்தது, தோசை மாதிரி. ஓரத்தில் ஒரு பல்லி முட்டை. கூலரைப் பிடித்திருந்த நான்கு காதுகளில் ஒன்று முறிந்து, ஒரு மூலை சில்லின் மேல் படாமல் தூக்கிக்கொண்டிருந்தது. நடுவில் இருந்த செம்பு வட்டத்தில் பழைய பேஸ்ட் சுண்ணாம்புப் பொருக்காகக் காய்ந்திருந்தது. அதைச் சுரண்டினால் விளிம்பில் பச்சையாகக் களிம்பு.

செம்பும் களிம்பும்! என் அப்பா எனக்குச் சித்தாந்தம் சொன்ன முதல் நாள் வந்த உவமை. செம்பு என்று உண்டோ அன்றே களிம்பும் உண்டு. உயிர் என்று உண்டோ அன்றே ஆணவமும் உண்டு. யாரும் கொண்டுவந்து பூசியதில்லை. முப்பது வருஷம் இந்த உவமையை வாயால் சொன்னவன், அதை அன்றைக்குத்தான் கையில் பிடித்தேன்.

ஃபேனைக் கழற்றி வைத்துவிட்டு, தங்கையிடம் ஒரு நெல்லிக்காய் அளவு புளி வாங்கினேன். கம்ப்யூட்டருக்குப் புளியா என்று பையன் வாயைப் பிளந்தான். குத்துவிளக்குக்கும் இதுக்கும் என்னடா வித்தியாசம், செம்பு செம்புதான் என்றேன். தேய்க்கத் தேய்க்கச் செம்பு சிவந்தது. கழுவி, வெயிலில் முக்கால் மணி நேரம் காயவைத்தேன். முறிந்த காதுக்குப் பதிலாக நட்டு போல்ட்டு, அடியில் ரப்பர் வாஷர். புது பேஸ்ட், ஊசிமருந்துக் குழல் மாதிரி ஒரு சின்னக் குழாயில் வருவது, ஒரு பயறு அளவு. பயாஸில் அணைத்ததைத் திரும்பப் போட்டேன். முதல் அழுத்தத்திலேயே மெஷின் எழுந்தது. ஒரு மணி நேரம் ஆடியும் அறுபத்திரண்டு டிகிரியைத் தாண்டவில்லை. முப்பது முப்பதாகவே நின்றது.

இதைப் போய்ப் பக்கத்துக் கொட்டகைப் பெரியவரிடம் பெருமையாகச் சொன்னேன். எழுபது கடந்தவர். பரம்பரைப் பானைக்காரர். நாள் தவறாமல் தியானத்தில் உட்காருகிற பௌத்தர். நான் அவரை ஊலே என்று கூப்பிடுவேன். நாங்கள் இருவரும் இருபது வருஷமாகக் கடவுளைப் பற்றிச் சண்டை போடுகிறவர்கள். டீக்காசு மட்டும் முறைவைத்து.

"தூசி உள்ளேயே பிறந்ததா, வெளியிலிருந்து வந்ததா?" என்று கேட்டார்.

வெளியிலிருந்துதான் என்றேன்.

"அப்புறம் எப்படி உன் களிம்பு?"

பௌத்த நூலான அங்குத்தர நிகாயத்தில் ஓர் இடம் இருக்கிறது. சித்தம் ஒளியுடையது, அழுக்குகள் வந்து தங்கிய விருந்தாளிகள் என்று புத்தர் சொல்வதாக. பெரியவருக்கு அது மனப்பாடம். எங்களுக்கு அழுக்கு வீட்டுக்காரன், உயிரோடு ஒட்டிப் பிறந்தவன். அவர்களுக்கு விருந்தாளி. சைவர்களும் பௌத்தர்களும் பிரியும் முக்கியமான வாசல்களில் இது ஒன்று. நான் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னேன்: "தூசி விருந்தாளிதான் ஊலே. சூடு விருந்தாளி இல்லை. அந்தச் சில்லு வேலை செய்தாலே சூடு வரும். தூசியே இல்லாத ஊரிலும் வரும். அதனால்தானே புது மெஷினுக்கும் ஃபேன் வைக்கிறான்."

இதை அவர் ஒப்புக்கொண்டார். அபூர்வம். எனக்கும் அந்த வாக்கியம் வாயில் வந்த பிறகுதான் புரிந்தது. ஆணவம் என்பதை நான் அதுவரை அழுக்காகவே நினைத்திருந்தேன். அது சூடு என்று நினைத்தால் இன்னும் சரியாக இருக்கிறது. நான் செய்கிறேன் என்று ஒரு காரியத்தில் இறங்கினாலே கூட வருகிற சூடு.

ஆனால் அவர் விடவில்லை. "சூடு ஏறினா வேகம் குறையுது. காரணம் இருக்கு, காரியம் நடக்குது. இதுக்கு நடுவுல உன் சாமி எங்க வர்றாரு?"

நான் குயவனை இழுத்தேன். எங்கள் சாத்திரத்தின் பழைய ஆயுதம் அது. பானைக்கு மண் முதற்காரணம், சக்கரமும் கோலும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். அறிவில்லாத மண் தானே பானையாகாது. அறிவுள்ள ஒருவன் வேண்டும். சில்லு தானாகவா வேகத்தைக் குறைக்கக் கற்றது? எவனோ ஒரு இஞ்சினியர் முன்கூட்டி யோசித்து அதில் வைத்தான். இதை ஒரு நிஜக் குயவரிடம் சொல்கிறோமே என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

அவர் கையிலிருந்த களிமண்ணைப் பார்த்தார். "நான் செய்யறேன்னு நீ சொல்ற. ஈரம் கூடினா இது சக்கரத்துல நிக்காது. மழை பெய்ஞ்சா சூளை இல்ல. விறகு பச்சையா இருந்தா நான் என்ன செய்ய? மண்ணு, தண்ணி, தீ, என் கை. என் கையும் அந்த வரிசையில ஒண்ணு. அவ்வளவுதான்."

அந்தச் சுற்றில் நான் தோற்றேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தோற்றாலும் என் கட்சியை விடவில்லை. எழுந்திருக்கும்போது அவரே இன்னொன்று சொன்னார். சூளை பற்றவைத்ததும் தீயைக் கூட்டக்கூடாதாம். பானைக்குள் இருக்கிற ஈரம் முதலில் ஆவியாகப் போக வேண்டும். அதற்குத் தீயை அடக்கி அடக்கி வைக்க வேண்டும். புதுப் பையன்கள் அவசரப்பட்டு விறகைத் தள்ளினால் உள்ளே பானைகள் படபடவென்று வெடிக்கும். அணைத்த பிறகும் அதேதான். சூட்டோடு திறந்தால் கீறல் விழும். சூளைக்காரன் தீயை மறைக்கத் தெரிந்தவன் என்றார். திரோதானம் என்ற சொல்லை அவர் கேட்டதே இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். இந்த உவமையை எல்லா இடத்துக்கும் நீட்ட நான் தயாரில்லை. 2008 மே 2ஆம் தேதி இரவு நர்கிஸ் புயல் இந்தப் பகுதியின் மேல் வந்தது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக நாட்டில் 1,38,000 பேருக்கு மேல். விடிந்தபோது எங்கள் தெருவில் கூரையோடு நின்ற வீடுகளை விரல்விட்டு எண்ணலாம். அழிப்பும் அருளே, களைத்த உயிர்களுக்கு அது இளைப்பாறல் என்று நூல்கள் சொல்கின்றன. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் போய் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. வரவும் கூடாது. என் புத்திக்கு எட்டியது வேகம் குறைவது வரைக்கும்தான்: பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை, தியானம் கூடவில்லை, எத்தனை வருஷம் கும்பிட்டும் மனசு அங்கேயே நிற்கிறது என்று வருகிறவர்களிடம் மட்டும் இப்போது தயங்காமல் சொல்கிறேன். உங்களைப் பழுது என்று முடிவு கட்டாதீர்கள். உள்ளே எது சூடாகிறது, எங்கே காற்று போகவில்லை என்று முதலில் பாருங்கள்.

கோயில் வகுப்பில் அந்தப் பெண்பிள்ளைக்கு இதைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்போ சாமிக்கும் நாம சூடாகிறது தெரியுமா சார்?" என்றது. தெரியும் என்றேன். இந்த முறை புத்தகம் பார்க்கவில்லை.

கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியை நாங்கள் திரும்பப் போடவில்லை. பல்லி போகாமல் பழைய கொசுவலையை இரண்டாக மடித்துக் கட்டியிருக்கிறோம். மாதம் ஒரு முறை பையன் பெயிண்ட் பிரஷ்ஷால் தூசி தட்டுகிறான். போன வாரம் டார்ச் அடித்துப் பார்த்தேன். செம்பின் ஓரத்தில் பச்சை லேசாகத் தெரிய ஆரம்பித்திருக்கிறது.